கடலூரில் நீ ஓடிய நேரம்

சலீமுக்கு அத்தாவின் சலாம். போனில் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் நீ நடுவில் "சரித்தா, சரித்தா" என்பாய். நானும் அதையே சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். முப்பது வருடமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வருகிறேன். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கை நடுங்குகிறது. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண்ணுக்கு டாக்டர் நாள் குறித்திருக்கிறார். அதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கண் ஆபரேஷனில் யாரும் செத்துப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பயம் வந்துவிட்டது, அதுவும் நல்லதுக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நஸ்ரினைப் பற்றிக் கேட்டேன். எண்ணூறு மீட்டரில் அவள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தாள், அடுத்த மாதம் மாவட்டப் போட்டி என்று உன் மனைவி சொல்லியிருந்தாள். எந்த ஊரில் நடக்கிறது, நானும் வரட்டுமா என்றுதான் கேட்டேன். நீ சொன்னாய்: "நான் அவள அனுப்பலத்தா. அவ தாங்கமாட்டா. நம்ம வூட்டு ஆளுங்களுக்குப் பெரிய நாளு ஆவாது. கடலூர்ல என்னப் பாத்தீங்கல்ல?" நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அத்தாவுக்குத்தான் வாய் வரவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: கடலூரில் நீ உடைந்துபோகவில்லை. அங்கே நடந்த கோளாறு என்னுடையது. அந்தப் பெண்ணைத் தடுப்பதற்கு முன்னால் நான் செய்ததை நீ முழுதாகப் படித்துவிட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நம் கடை உனக்கு நினைவிருக்கும், மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. வாட்ச் ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் நான் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுவேன். ஆளுங்கதான் பொய் சொல்லுவாங்க, வாட்ச் சொல்லாது என்று. வியாபாரப் பேச்சுதான். நீ கடைக்குள் தவழ்ந்த காலத்திலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன், அதை வேதம் மாதிரி எடுத்துக்கொண்டாய். பத்தாவது படிக்கும்போது நீ ஓட ஆரம்பித்தாய். ஆயிரத்து ஐநூறு மீட்டர்தான் உன் ஓட்டம் என்று உங்கள் பி.டி. மாஸ்டர் கண்டுபிடித்துச் சொன்னதும், நான் சென்னைக்கு ஸ்பேர் வாங்கப் போன இடத்தில் பழைய சாமான் கடையில் ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கிவந்தேன். ஓடாத வாட்ச்தான். நானே பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு ஓடவைத்தேன். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட கிரவுண்டில் நீ ஓடுவாய், நான் நேரம் பிடிப்பேன். மாஸ்டருக்கு ஊர் சின்னசேலம் பக்கம், காலை வேளையில் வரமுடியாது. ஆகவே உன் நேரம் என்பது என் வாட்சில் இருந்ததுதான், வேறு யாரிடமும் இல்லை.

பதினொன்றாவது முடிந்த கோடை விடுமுறையில் மாஸ்டர் உங்களைப் பத்து நாள் கல்வராயன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் நாலு நாள் வந்து மலைமேல் கரியாலூரில் தங்கினேன். மேட்டில் ஓடினால் மூச்சு பழகும் என்று மாஸ்டர் சொன்னார். அங்கேதான் சடையன் உன்னோடு சேர்ந்துகொண்டான். மலைப் பள்ளிக்கூடத்தில் படித்த பையன், உன் வயதுதான், ஆனால் உன்னைவிட அரை அடி குட்டை. அவன் ஓடும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது. கடைக்குப் போய்க் கருவாடு வாங்கிவருகிறவன் முகம் மாதிரி இருக்கும். நீ ஒவ்வொரு முறையும் ஓடி முடித்ததும் நேராக என்னிடம் வந்து "எவ்ளோத்தா?" என்பாய். அவன் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டான்: "இன்னாடா, ஓடுனது நீ, அவர்கிட்ட போய் இன்னா கேக்குற?" நேரம் தெரியவேண்டாமா என்றாய். அதற்கு அவன், "காலு சத்தம் கேக்கும்ல. சத்தம் ஒரே மாதிரி வந்துக்கினு இருந்தா நல்லா ஓடுறன்னு அர்த்தம். மூச்சு அதுக்கு முந்திக்கினு ஓடுச்சுன்னா கெட்டுப்போச்சு" என்றான். நாங்கள் இரண்டு பேருமே அதைக் கேட்டுச் சிரித்தோம். கையில் வாட்ச் இருக்கும்போது காது எதற்கு என்று நான் நினைத்தேன். அவன் அன்று சொன்னதுதான் ஓடுகிறவனுக்கு மனம் எங்கே இருக்கவேண்டும் என்பதற்கான முழுப்பாடம். எனக்கு அது விளங்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஆகஸ்டில் நீ நாலு நிமிடம் இருபத்து நாலு வினாடி ஓடினாய். அது உண்மையான நேரம், அதில் சந்தேகம் வேண்டாம். அப்போது நாம் தென்னாற்காடு மாவட்டம், எதற்கும் கடலூருக்குத்தான் போகவேண்டும். மாவட்டப் போட்டி செப்டம்பரில் நடப்பதாக இருந்தது. முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள், அங்கே ஓடியவனுக்கு சென்னையில் காலேஜ் சீட்டு சுலபம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். உன் மார்க்குக்கு வேறு வழியில் அது கிடைக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாட்ச் கடையில் உட்காராமல் வெளியே போக உனக்கு அந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது. அந்த நேரத்தில்தான் இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் வந்தது.

கேட்டவர்களின் நியாயத்தை நான் அன்றும் குறை சொன்னதில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். ஆனால் அந்த ஒரு வாரம் யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை இல்லாமல் இருந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அங்கே சுட்டார்கள், இங்கே குடிசை எரிந்தது என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் செய்தி வந்துகொண்டிருந்தது. உங்கள் கிரவுண்டில் வெளியூரிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் கூடாரம் போட்டுவிட்டார்கள். போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, ஓடாமல் இருந்தால் கால் கட்டிக்கொள்ளும் என்று எனக்குக் கவலை. உங்கம்மா வேண்டாம் என்றாள். "ஊரே அடங்கிக் கெடக்குது, இவன் மட்டும் எதுக்கு ரோட்டுல ஓடணும்?" என்றாள். நான் கேட்கவில்லை. வடக்கனந்தல் ரோடு காலியாகக் கிடக்கிறது, இந்த மாதிரி வண்டியில்லாத ரோடு இனி எப்போது கிடைக்கும் என்று நான்தான் உன்னை அனுப்பினேன். இதுவரைக்கும் யாராவது என்னைக் கேட்டால், அவனேதான் போனான் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அனுப்பியவன் நான்.

மூன்றாவது நாள் காலையில் நான் கிலோமீட்டர் கல் அருகே வாட்சோடு நின்றுகொண்டிருந்தேன். நீ வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிரே வந்தபோது ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது, அதற்கு அந்தப் பக்கம் போலீஸ் வேன். நாலு பேர் உன்னை நிறுத்தி வைத்திருந்தார்கள். வெறிச்சோடிய ரோட்டில், வெட்டிய மரத்துக்குப் பக்கத்தில், வேகமாக ஓடிவருகிற பையனைப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு முதல்நாளே தோன்றியிருக்க வேண்டும். "மரத்த வெட்டிட்டு எங்கடா ஓடுற?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். "ப்ராக்டீஸ் சார், எங்கத்தா அங்க டைம் பாத்துக்கினு இருக்காரு சார்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னா ப்ராக்டீஸ்? மரம் வெட்டவா?" என்று இரண்டு கெண்டைக்காலிலும் லத்தியால் போட்டார். நான் மரத்தின்மேல் ஏறி இறங்கி ஓடிவந்து, கையிலிருந்த ஸ்டாப் வாட்சை அத்தாட்சியாகக் காட்டினேன். விட்டுவிட்டார்கள். நீ வீடுவரைக்கும் அழவில்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது, அழுதிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கால் வீக்கம் ஐந்தாறு நாளில் வடிந்தது. ஆனால் நீ ஓடும்போது திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாய். நூறு அடிக்கு ஒருதரம் பார்த்தாய். பின்னால் யாரும் இல்லை என்று உனக்கே தெரியும், ஆனாலும் கழுத்து தானாகத் திரும்பும். திரும்புகிற ஒவ்வொரு முறையும் தோள் சாயும், கால் தாளம் தப்பும். போலீஸ் கிரவுண்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு அங்கே ஓடினாய், அங்கேயும் அதே கதை. நாலு முப்பத்தொன்று வந்தது. மறியலால் போட்டியைத் தள்ளிவைத்துவிட்டார்கள், எப்போது என்று தெரியவில்லை. நாள் தெரியாமல் காத்திருப்பது இன்னும் மோசம். நீ சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "என்னால முடியாதுத்தா, பேரை எடுத்துடச் சொல்லுங்க" என்றாய். அந்த நேரத்தில் ஒரு தகப்பன் என்ன செய்திருக்கவேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கவேண்டும். அனுப்பினது என் தப்பு என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ரிப்பேர்.

மறுநாள் மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அந்த ஸ்டாப் வாட்சைத் திறந்தேன். உள்ளே முடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் சுருண்டு இருக்கும். அதன் நீளம் கூடினால் வாட்ச் மெதுவாக ஓடும், குறைந்தால் வேகமாக ஓடும். சின்ன வித்தியாசத்துக்கு ஒரு ஊசியை நகர்த்தினால் போதும், நான் நினைத்த வித்தியாசத்துக்கு அது போதவில்லை. ஸ்பிரிங்கின் முனையைப் பிடித்திருக்கும் ஆணியை எடுத்து, கொஞ்சம் நீளம் விட்டு, மறுபடி அடித்தேன். கடையின் பெரிய கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். நாலரை நிமிட ஓட்டத்துக்கு ஆறு வினாடி குறைத்துக் காட்டியது. என் வாழ்நாளில் எத்தனையோ பேரின் வாட்சைச் சரி செய்திருக்கிறேன், வேண்டுமென்றே கெடுத்தது அந்த ஒன்றைத்தான். கெடுக்கும்போது எனக்குக் கை நடுங்கவேயில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் நீ ஓடி முடித்ததும் வாட்சை உன்னிடமே கொடுத்தேன். நாலு இருபத்தைந்து. நீ நம்பாமல் இரண்டுமுறை பார்த்தாய். "இன்னாத்தா இது, ஆகஸ்ட் டைம் வந்துடுச்சு" என்றாய். நான் அலட்டிக்கொள்ளாமல், "வாட்ச் பொய் சொல்லுமா?" என்றேன். அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது. ஆனால் மருந்து வேலை செய்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் நீ திரும்பிப் பார்ப்பதை விட்டாய். சாப்பிட்டாய், உங்கம்மாவைக் கிண்டல் செய்தாய். உன் உண்மையான நேரமும் இறங்கியது. நாலு இருபத்திரண்டு வரைக்கும் வந்தாய், அது ஆகஸ்டைவிட நல்ல நேரம். நம் வாட்ச் அதை நாலு பதினாறு என்று காட்டியது. அந்த இடத்திலாவது நான் ஸ்பிரிங்கைப் பழையபடி சுருக்கியிருக்கலாம். பையன் ஏறிக்கொண்டிருக்கிறான், இப்போது போய்க் கலைக்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன். காய்ச்சல் இறங்கிய பிறகும் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் போட்டி நடந்தது. கடலூர் மைதானத்தில் அவ்வளவு கூட்டம் நாம் எதிர்பார்க்கவில்லை. கோட்டில் நின்றபோது நீ நிதானமாக இருந்தாய், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் சுற்று அழகாக ஓடினாய், மூன்றாவது ஆளாக, ஒருதரம்கூடத் திரும்பாமல். சடையன் உனக்கு ஒரு கை தூரம் பின்னால். பாதி ஓட்டத்தில், போட்டிகளில் எப்போதும் செய்கிற மாதிரி, மாஸ்டர் கோட்டோரமாக நின்று தன் வாட்சைப் பார்த்து நேரத்தைக் கத்தினார். அது சரியான வாட்ச். நீ அந்த எண்ணைக் கேட்டதும் உன் தலை ஆடியது, அதை நான் பார்த்தேன். நாலு பதினாறு ஓடுகிறவன் பாதியில் எவ்வளவில் இருக்கவேண்டும் என்று உன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அதைவிட மூன்று வினாடி பின்தங்கிவிட்டோம் என்று நினைத்தாய். பின்தங்கவில்லை, மகனே. மிகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தாய். ஆனால் அந்த இல்லாத மூன்று வினாடியைத் துரத்திக்கொண்டு, ஒரு சுற்றுக்கு மேலேயே மீதி இருக்கும்போது உன் பலத்தையெல்லாம் கொட்டி முன்னால் பாய்ந்தாய். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கடைசி வளைவு வரைக்கும் நீதான் முதல். அதற்குப் பிறகு உன் கால் உன் பேச்சைக் கேட்கவில்லை. ஒருவன் தாண்டினான். கோட்டுக்குப் பத்து அடி இருக்கும்போது சடையன் தாண்டினான். மூன்றாவதாக வந்தாய். நாலு இருபது என்று அறிவித்தார்கள்.

நீ புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தாய். சடையன்தான் முதலில் வந்து உன்னைத் தூக்கினான். அவனுக்கு மாநிலப் போட்டிக்கு இடம் கிடைத்த சந்தோஷம்கூட முகத்தில் இல்லை. "இன்னிக்கி ஓடுன மாதிரி நீ என்னிக்குமே ஓடுனதில்லடா. உன் பின்னாடியே வந்தேன், உன் காலு சத்தம் அப்பிடி இருந்துச்சு. நடுவுல எதுக்கு அவசரப்பட்ட?" என்றான். நீ அவன் கையைத் தட்டிவிட்டாய். "உனக்கு இன்னா தெரியும்? நான் நாலு பதினாறு ஓடுறவன். கூட்டத்தப் பாத்ததும் உடைஞ்சிட்டேன், அவ்ளோதான்" என்றாய். மாஸ்டர் வந்தார். ஆகஸ்டிலிருந்து நாலு வினாடி முன்னேறியிருக்கிறாய், பெரிய விஷயம் என்றார். நீ நாலு பதினாறைச் சொன்னாய். அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எந்த வாட்ச்ல?" என்று மட்டும் கேட்டார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்து, வழக்கம்போல் "எவ்ளோத்தா?" என்றாய். நம் வாட்ச் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள உனக்கு ஓர் ஆசை இருந்தது. அவசரத்தில் அமுக்க மறந்துவிட்டேன் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாய். வெட்டிய மரங்களை ரோட்டைவிட்டு ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள், கிளைகள் காய்ந்து கிடந்தன. பண்ருட்டியில் வேர்க்கடலை வாங்கி உன் மடியில் வைத்தேன், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நீ பேசினாய். "நீங்க எப்பவும் சொல்லுவீங்கல்ல, ஆளுங்கதான் பொய் சொல்லுவாங்க, வாட்ச் சொல்லாதுன்னு. அப்ப வாட்ச்ல இருந்தது நிஜம்தான். நான்தான் பொய்." பதினேழு வயதுப் பையன் தன்னையே பொய் என்று சொல்கிறான், அதைச் சொல்ல வைத்த நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலையை உரித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது உண்மையைச் சொன்னால் நீ என்னை இனி ஒருபோதும் நம்பமாட்டாய் என்று பயந்தேன். நீ உன்னை நம்பாமல் போனால் பரவாயில்லை, என்னை நம்பாமல் போகக்கூடாது. யோசித்துப் பார்த்தால் அன்று நான் எடுத்த முடிவு அதுதான்.

அடுத்த வருடம் நீ ஓடவில்லை. ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டாய். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓட்டத் தேர்வு என்றதும் அழைப்புக் கார்டைக் கிழித்துப் போட்டாய். உன் தங்கை கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, சமையல்கட்டில் போய் நின்றுகொண்டாய். கம்பெனியில் மேலே வரச்சொல்லி இரண்டுமுறை கூப்பிட்டும், இன்டர்வியூ அன்று உனக்கு வயிற்றுவலி வந்தது. ஒவ்வொரு முறையும் "பெரிய நாளு எனக்கு ஆவாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய், வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். உங்கம்மாவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. என் பிள்ளைக்கு யார் கண்ணோ பட்டுவிட்டது என்று சொல்லிச் சொல்லியே அவள் போய்ச்சேர்ந்தாள். கண்ணும் இல்லை, காத்தும் இல்லை. அவளோடு ஒரே வீட்டில் இருந்த நான்தான்.

இப்போது நஸ்ரினுக்கு வருகிறேன். எனக்கு விளையாட்டு தெரியாது. ஒரு பிள்ளையை எப்படிக் கெடுப்பது என்று மட்டும் நன்றாகத் தெரியும், அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். அவள் நேரம் மோசமாக இருந்தால் மோசம் என்றே சொல். சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார். நீ எப்பவும் ஜெயிப்பாய் என்று ஊக்கம் கொடுக்காதே, பொய்யாகக் கொடுத்த தைரியம் நாலு பேர் நடுவில்தான் கழன்றுவிழும். அவளே ஓடிப் பார்த்துச் சம்பாதித்த ஒரு வினாடி போதும், அது யார் கத்தினாலும் அவளோடு நிற்கும். பயமாக இருக்கிறது என்று சொன்னால் அதைச் சரிபண்ண ஓடாதே, முதலில் எதற்குப் பயம் என்று கேள். ஓடும்போது பின்னால் யார், முன்னால் யார், நேரம் என்ன என்று மனம் அலையும். அப்போது தன் கால் சத்தத்தைக் கேட்கச் சொல். அதை நான் சொன்னதாகச் சொல்லாதே, கரியாலூரில் சடையன் என்று ஒருவன் சொன்னதாகச் சொல். ஓடி முடித்ததும் அவள் உன் கையைப் பார்த்து வந்தால், நேரத்தைச் சொல்வதற்கு முன்னால், உனக்கு எப்படி இருந்தது என்று அவளைக் கேள். என்னிடம் நீ எத்தனை நூறு முறை வந்திருப்பாய், நான் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் அந்த ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. அதை நான் சரி செய்யவேயில்லை, இன்றும் அப்படியேதான் ஓடுகிறது. சாவி கொடுத்து உன் போனுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கு. போனில் நாலு நிமிடம் இருபது வினாடி வரும்போது இரண்டையும் நிறுத்திப் பார். வாட்ச் நாலு பதினாலு காட்டும்.

அன்று அமுக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? மறக்கவில்லை. துப்பாக்கி வெடித்ததும் அமுக்கினேன், நீ கோட்டைத் தாண்டியதும் அமுக்கினேன். முள் நாலு பதினாலில் நின்றது. இந்த வாட்சில் உனக்கு அதற்கு முன் எப்போதும் வராத நேரம். அதை உன்னிடம் காட்டியிருந்தால் அந்த நிமிடமே உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். உன் வாழ்நாளில் நீ ஓடிய மிக வேகமான ஓட்டம் அதுதான் என்றும், அத்தனை கூட்டத்தின் நடுவில், பாதியில் ஏமாற்றப்பட்ட பிறகும் ஓடினாய் என்றும் தெரிந்திருக்கும். நீ புல்லிலிருந்து எழுந்து என் பக்கம் நடந்து வந்தாய். நீ வந்து சேர்வதற்குள் நான் பட்டனை அமுக்கி முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டேன்.

எவ்ளோத்தா என்று கேட்டாய். இதோ சொல்லிவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அதற்காக எழுதவில்லை. நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு போ. என்னைக் கூப்பிட்டால் வருவேன், ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். நேரம் மட்டும் நீ பிடி.

உன் அத்தா